கடைமடை ஆள்

மூணாற்றுத் தலைப்பில் ஆறு பிரியும் இடத்தில்
எங்களுக்கு வேலை பிரித்தார்கள்.
வைரக்கண்ணு முன்னால். மருந்துப் பை செல்வராணிக்கு.
எனக்கு ஒரு விசிலும் கடைசி இடமும்.
"உனக்குப் பின்னால யாரும் இருக்கக் கூடாது.
அவ்வளவுதான் வேலை."

கோரையாற்றங்கரை பிடித்து முத்துப்பேட்டை வரை
பதினோரு பேர், மூன்று பகல்.

கடைசி ஆளுக்கு முகங்கள் கிடையாது,
குதிகால்கள்தான்.
ஜெகபர் உள்பக்கம் சாய்த்து மிதிப்பவர்.
இன்பவல்லி நுனிக்காலில்,
தூங்குகிறவர்களைத் தாண்டிப் போகிறவள் மாதிரி.
தையல்நாயகிக்குப் பத்து மணிக்கு மேல் ஒரு தயக்கம்:
தரையைத் தொடுமுன் இடதுகால்
ஒருமுறை யோசித்தது.

ராத்திரி மழையில் கரை களியாய்க் கிடந்தது.
களியில் குதிகால் ஊன்றினால் மல்லாக்க விழலாம்.
முழுப் பாதமும் வைக்க வேண்டும், சின்ன அடியாக,
பெருவிரலால் மண்ணைப் பிடித்து.
கட்டுச்சுமையோடு வரப்பில் போகிறவர்கள்
யாரும் எட்டி வைத்துப் பார்த்ததில்லை.
கருவேலங்கிளையை விலக்கினால்
பின்னால் வருபவர் பிடிக்கும் வரை விடக்கூடாது.
விட்டார்கள். என் காதில் இன்னும் கீறல் இருக்கிறது.

மதகுக்கு மதகு நிற்பது என்று ஏற்பாடு.
முன்னால் போனவர்கள் மதகில் உட்காருவார்கள்,
தண்ணீர் குடிப்பார்கள், கடலைமிட்டாய் உடைப்பார்கள்.
தையல்நாயகியும் நானும் போய்ச் சேர்ந்ததும்
"வந்தாச்சா, கிளம்பலாம்."
அவர்களுக்குப் பத்து நிமிடம்.
எங்களுக்கு, எழுந்தவர்கள் தட்டிவிட்ட மண்.

ஐந்து மதகு இப்படி.

மேட்டூர்த் தண்ணீரும் அப்படித்தானாம்.
தலைமடையில் வரப்பு வழியும்,
கடைமடைக்கு வாய்க்கால் நனையும்போது
முறை முடிந்திருக்கும்.
சொல்ல நான் விவசாயி இல்லை,
மன்னார்குடியில் செல்போன் பழுதுபார்க்கிறவன்.
இருந்தாலும் ஆறாவது மதகில்
எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது.
அங்கே திட்டக்கூட யாருமில்லை.

இரண்டு பாதை. இரண்டிலும் செருப்புத் தடம்.
வெளிச்சம் வேகமாக இறங்கியது.
மூன்று முறை விசில் ஊதினேன், நிறுத்தி, மறுபடி மூன்று.
ஆற்றில் மேய்ந்த வாத்துக்கூட்டம் மட்டும்
ஒருசேரத் திரும்பிப் பார்த்தது.

தேடிப் போகக் கூடாது. வழி தவறினால்
தவறிய இடத்திலேயே இருக்க வேண்டும்.
காலுக்கு இது புரியாது, அது ஓடத்தான் பார்க்கும்.
உட்கார்ந்தோம்.
தையல்நாயகி காலுறையைக் கழற்றினாள்.
புளியங்கொட்டை அளவு கொப்புளம்.
உடைக்காமல் சுற்றிப் பஞ்சு வைத்து ஒட்டினோம்.
"காலையிலயே சொல்லியிருக்கலாம்ல?"
"என்னால எல்லாரும் நிக்கணுமேன்னு..."
"நிக்கிறதுக்குத்தான் நான் வந்ததே."
அதற்கு அவள் சிரிக்கவில்லை.
கொசு கடித்தது. டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டோம்,
பேட்டரி மிச்சமாகட்டும் என்று.

முக்கால் மணி நேரம் கழித்து
அக்கரையில் ஒரு வெளிச்சம் குதித்துக் குதித்து வந்தது.
வைரக்கண்ணு. மூச்சு இரைக்க
"பத்து, பதினொண்ணு" என்று எங்களை எண்ணினான்,
சீட்டுப் பணம் எண்ணுகிற குரலில்.
பாலம் சுற்றி வந்து, எதுவும் பேசாமல்
தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினான்.
அதில் கால்வாசிதான் இருந்தது.

மறுநாள் தையல்நாயகி முன்னால்.
வேகக்காரர்கள் அவள் பின்னால் முண்டினார்கள்.
ஜெகபர் இரண்டு முறை குதிகாலை மிதித்துவிட்டு
அரைமனதாய் மன்னிப்புக் கேட்டார்.
மதியத்துக்குள் பேச்சு வந்துவிட்டது வரிசையில்.
பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி.
இன்பவல்லி மாமியாரைப் பற்றி இரண்டு மதகு தூரம் பேசினாள்.

புதுச் சட்டம் ஒன்றுதான், என் கைக்கடிகாரத்தில்:
கடைசி ஆள் உட்கார்ந்த பிறகே
பத்து நிமிடம் தொடங்கும்.
நான் வேண்டுமென்றே மெல்ல உட்கார்ந்தேன்,
ஒருமுறை. ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் காற்றில் உப்பு.
அலையாத்திக் காட்டுச் சேற்றில் எல்லோரும் இறங்க,
வழக்கப்படி திரும்பிப் பார்த்தேன்.
யாருமில்லை.
பத்துப் பேர் தடத்தின் மேல் என் தடம்.
அதில் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது.