அரைப்பேர்

மூன்றாவது இரவு.
கொட்டகலையில் பேக்கரிக்கு மேலே என் அறை.
பாண் வேகும் வாசனை ஏறி வந்தால்
மணி மூன்று என்று அர்த்தம்.
வந்துவிட்டது.

திரையில் எல்லாம் பச்சை.
ஓட்டிய சோதனை அத்தனையும் தேறியாயிற்று.
பிழை என்று ஒரு வரி, ஒரு முனகல் இல்லை.
மேற்பிரிவில் மட்டும்
யோகமலருக்குப் பதினொரு நாளாய் அரைப்பேர்.

"காலையில ஏழு, பகலைக்கு ஆறு, அந்திக்கு எட்டு.
எனக்குக் கணக்கு வரும் தம்பி.
ஒங்க போனுக்குத்தான் வரல."

இருபத்தொன்று.
என் செயலி பதின்மூன்று என்கிறது.
பதினெட்டுக்குக் குறைந்தால் அரைப்பேர்:
அந்த வரியும் நான் எழுதியதுதான்,
தேநீர் ஆறுவதற்குள்.

கொழுந்து மடுவத்தில் ஒருநாள் முழுக்க நின்றேன்.
அந்தி நிறுவையை நானே என் போனில் பதிந்தேன்.
இருபது கிலோ. முழுப்பேர்.
துரை என்னைப் பார்த்தார், பிறகு அவளை.
"ஆள் நின்னா கை வேகமா ஓடுது" என்றார்.
அவள் படங்கை உதறிக் கட்டிக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள்.

லாரியில் ஏறிய மொத்தம் சரி,
ஒரு கிராம் பிசகில்லை.
மொத்தம் சரியென்றால் ஆபீசில் எல்லாம் சரி.

பூச்சி என்கிறார்கள் இதை.
பூச்சியென்றால் ரீங்கரிக்கும், விளக்கைச் சுற்றும்.
இது அட்டை.
ஏறியது தெரியாது, கடித்தது தெரியாது,
சப்பாத்தைக் கழற்றும்போதுதான்
காலுறை நனைந்திருக்கும்.
அதுவும் என் காலுறை இல்லை.

மூன்றரைக்கு, வேறு வழியில்லாமல்,
பட்டியலில் இருந்த பெண்களை எண்ணினேன்.
நூற்றுப் பன்னிரண்டு.
பெரட்டுக்கு வருவது நூற்றெட்டு.

யோகமலர்.
யோகமலர்.

இரண்டு தடவை இருந்தாள்.
கண்ணை எவ்வளவு கிட்டக் கொண்டுபோனாலும் ஒரே பெயர்.
இயந்திரத்தை எண்ணச் சொன்னேன்:
ஒருத்திக்கு ஏழு. மற்றவளுக்கு எட்டு.

ஒன்றில் 'யோ'வின் கொம்பும் காலும்
ஒரே குறியாய்ப் பிறந்திருந்தன.
மற்றதில் கொம்பு தனியே, கால் தனியே வந்து
ஒட்டிக்கொண்டு நின்றன,
ஒன்றுபோலவே.
டிலக்சன் புது போன் வாங்கி
அன்றைக்குப் பதினொரு நாள்.
அவன் விரலில் அந்திதோறும் ஒரு புதியவள் பிறந்து
எட்டுக் கிலோவோடு
எங்கோ ஒரு வரியில் உட்கார்ந்திருந்தாள்.

செல்வராணிக்கு இந்த வில்லங்கம் இல்லை,
பவானிக்கு இல்லை.
கோகிலத்துக்கு இருந்தது. சோபனாவுக்கும் ரோசலினுக்கும்.
அவர்கள் கேட்கவே இல்லை.

மேசையை ஓங்கி அடித்தேன்.
கீழே மா பிசைகிறவர் பதிலுக்குக் கூரையை இடித்தார்.

ஏனென்றால்,
ஆளுக்கு ஓர் எண் இருந்தது முதலில்.
எடுத்துவிடச் சொன்னவன் நான்.
மனிதர்களை நம்பரால் கூப்பிடக் கூடாது,
பெயரே போதும் என்று
கூட்டத்தில் நின்று பேசினேன்.
கை தட்டினார்கள்.

திருத்தம் ஒரு வரி.
பெயர்களை ஒப்பிடுமுன்
பிரிந்த காலைக் கொம்போடு சேர்.
அவ்வளவுதான்.
மூன்று இரவுக்கு ஒரு வரி.

திங்கட்கிழமை சொன்னேன்.
யோகமலர் நெற்றியைச் சுருக்கினாள்.
"அப்ப அந்த இன்னொருத்திக்குச் சம்பளம் போயிருச்சா?"
இல்லை, அவள் எட்டுக் கிலோதானே,
அவளுக்கு அரைப்பேர்கூட இல்லை.
"பாவம்" என்று சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.
"என் பதினொரு நாள்?"

பெரிய கிளாக்கர் மரியநாயகம்
போன மாதச் செக்ரோலில் கைவைத்தபடி சொன்னார்:
மூடின கணக்கு.
திறக்க வேண்டுமென்றால் கடிதம் வேண்டும்,
கையால் எழுதி, கையெழுத்தோடு.

எழுதுகிறேன்.
பேனாவுக்கு முதலில் கொம்பு வருகிறது,
பிறகு ய,
பிறகு கால்.
நாலு பெயர்.
ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு
ஒருமுறை எண்ணிப் பார்க்கிறேன்.