பழைய எண் 3, புதிய எண் 1

ரிச்சி தெருக் கடைக்காரர் கேட்டார்,
"பையனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்டாம்மா?"
"இல்லைங்க. எனக்கு."
ஒரு கணம் பார்த்துவிட்டு
ஐ.சி.யைக் கருப்புப் பஞ்சில் குத்தி நீட்டினார்.
நாலாயிரத்துப் பதினேழு, இருபது ரூபாய்.
ஐந்நூற்று ஐம்பத்தைந்து, பத்து.
சிவப்பு எல்இடி பத்துதான் கேட்டேன்,
வீட்டில் எண்ணியபோது பதினொன்று.

அயனாவரம். இரவு ஒன்பதே கால்.
மாவுத் தூக்கை ஓரம் தள்ளிவிட்டு
சமையல் மேடையில் பிரெட்போர்டு.
அதன் நடுவே பதினாறு கால் மண்டபம்,
ஒரு புளியங்கொட்டை நீளத்துக்கு.

வரைபடத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.
முதல் விளக்கு மூன்றாம் காலில்.
இரண்டாவது இரண்டில், சரி.
மூன்றாவது நான்கில், நான்காவது ஏழில்,
ஐந்தாவது எதிர்வரிசைக்குப் போய்ப் பத்தில்,
ஆறாவதுக்குத் திரும்பி வந்து ஒன்றில்.
பதினான்கு வருடமாகத் தபால் கொடுக்கிறேன்
கொன்னூர் நெடுஞ்சாலைச் சந்துகளில்.
பழைய எண் புதிய எண் இரண்டையும் அடித்துவிட்டு
'டெய்லர் கடை மாடி' என்று எழுதிய உறைகூடப்
போய்ச் சேர்ந்திருக்கிறது.
இந்தச் சிப்புக்கு எண் போட்டவனை
எனக்குத் தெரியும் போலிருந்தது.

பேட்டரியை மாட்டினேன்.
வெளிச்சம் இரண்டு வீடு நடக்கிறது, மூன்று வீடு,
சட்டென்று முதல் வாசலுக்கே ஓடிவிடுகிறது.
என்ன என்று தணிகாசலம் கையை நீட்டினால்
இன்னும் மோசம்.
"என்னைப் பார்த்தாப் பயப்படுது" என்றார்.
பதினைந்தாம் கால் அந்தரத்தில் நின்றது.
'ஆரம்பத்திலிருந்து வா' என்று சொல்லும் கால்.
கட்டாமல் விட்டால் காற்றில் வருவதையெல்லாம் கேட்கும்.
ஒரு பச்சைக் கம்பியால் கிரவுண்டில் கட்டினேன்.

ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கு, ஐந்து, ஆறு,
                இருட்டு,
எட்டு.

ஏழாவது வீடு பூட்டியிருக்கிறது.
ஆனால் அங்கே போகாமல் இல்லை.
அந்த ஒரு துடிப்பு நேரம் வாசலில் நின்றுவிட்டுத்தான்
எட்டுக்குப் போகிறது.
'கதவு பூட்டு' என்று எழுதி முதலெழுத்துப் போட்டு
நான் திருப்பிக் கொண்டுவரும் உறைகளை நினைத்தேன்.
இங்கே அப்படியொன்றுமில்லை,
நீளக்கால் குட்டைக்கால் பார்க்காமல் குத்தியிருக்கிறேன்.
பிடுங்கித் திருப்பினேன். எரிந்தது.

வேகம்தான் பிடிக்கவில்லை.
யாரோ துரத்துகிற மாதிரி ஓட்டம்.
ஒரு மைக்ரோ கெப்பாசிட்டரை எடுத்துவிட்டுப்
பத்து மைக்ரோ வைத்தேன்.
இப்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிற நடை,
வீட்டுக்கு வீடு
பேர் பார்த்துக் கொடுக்கிற நடை.

தணிகாசலம் தூங்கிவிட்டார். பதினொன்றரை.
பதினோராவது எல்இடி மேடையில் கிடக்கிறது.
பன்னிரண்டாம் கால் ஒன்று மிச்சம்.
பத்து வீடு முடிந்த ஒவ்வொரு முறையும்
'ஒரு சுற்று ஆச்சு' என்று சொல்லுமாம்,
அடுத்த சிப் இருந்தால் அது கேட்டுக்கொள்ளும்.

எதையும் மாட்டவில்லை அதில்.
அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.