குடும்பம் என்பது

தண்டையார்பேட்டையில் ஏறி
கோட்டையில் இறங்குகிறேன், பதினோரு வருடமாக.
வண்ணாரப்பேட்டைக்குள் தலை காய்ந்துவிடும்.
ராயபுரத்தில் மீன்கூடைக்கு இடம் விட்டு
காலை மடக்கிக்கொள்வேன்.
கோட்டைக்குள் போனதும் கையில் மீன் வாசம் இருக்கிறதா
என்று ஒருமுறை முகர்ந்து பார்ப்பேன்.

அந்த மழைக்குப் பிறகு வந்த கோப்பு
குடும்பத்துக்கு நாலாயிரம் என்றது.
நிதித்துறைக்குப் போனது.
ஓரத்தில் பென்சிலால் ‘எத்தனை குடும்பம்?’ என்று
திரும்பி வந்தது.
மறுபடி போனது. மறுபடி வந்தது,
பென்சில் இப்போது கொஞ்சம் அழுத்தமாக.

துணைச் செயலாளர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்
(கெட்டவர் இல்லை, மகளுக்குப் பல்வலி,
சீக்கிரம் கிளம்ப வேண்டியவர்):
“தொகையை மேடையில சொல்லியாச்சு, தொட முடியாது.
குடும்பத்தைக் குறைக்கலாமே.”

மாலை ஐந்தேகாலுக்கு நான் எழுதினேன்.
பத்தி நான்கு, உட்பிரிவு ஆ:
குடும்பம் என்பது ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள்.
நல்ல வாக்கியம்.
மூன்று வரியாக இருந்ததை நான்தான் ஒன்றாக்கினேன்.
பச்சை மையில் கையெழுத்து விழுந்தது.
இருபத்திரண்டு கோடி மிச்சம் என்று
நிதித்துறைக்காரர் டீ வாங்கித் தந்தார்.
இஞ்சி டீ.

அடுப்பை எண்ண எங்கள் தெருவுக்கும் வந்தார்கள்.

ஜெயசீலி வீட்டில் கீழே ஓர் அறை,
மேலே தகரம் போட்டு இன்னொன்று.
மாமியார் அமலோற்பவம், மகன்கள் இரண்டு,
மருமகள்கள் இரண்டு, பிள்ளைகள் ஏழு.
தண்ணீர் எல்லார் துணியையும் எடுத்துப் போயிருந்தது.
அடுப்பு மட்டும் ஒன்று.
நாலாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தாள் ஜெயசீலி.
முந்நூற்று முப்பத்து மூன்று,
அதன் பிறகும் மூன்று மூன்றாக
முடியாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரம் கல்மண்டபத்தில்
ஒற்றை பர்னர் அடுப்பு தீர்ந்துபோயிற்று.

கொருக்குப்பேட்டைப் பையன், படிவத்துக்கு ஒன்பது ரூபாய் கூலி,
வீட்டுக்கு வீடு பளபளக்கும் அடுப்பைப் பார்த்து
மேலே எழுதிக் கேட்டான்.
மேலே என்பது என் மேசை.
பார்வை ஒன்றில் கண்ட அரசாணைக்குத் தெளிவுரை:
பயன்பாட்டின் அடையாளம் இல்லாத அடுப்பு
கணக்கில் சேராது.
அதையும் நானே தட்டச்சு செய்தேன்.

வாணலியின் அடிக்கரியைச் சுரண்டி
எண்ணெயில் குழைத்துப் புது அடுப்புக்குப் பூசினார்கள்.
பையன் விரலால் தொட்டான்.
விரலைப் பார்த்தான்.
பேன்ட்டில் துடைத்துவிட்டு ‘ஆம்’ என்று டிக் போட்டான்.

நாலாயிரமும் நாலாயிரமும் வந்தன.
ஒன்றில் வட்டி, ஒன்றில் ஸ்கூல் பை, பாய்.
அடுப்பு போகவில்லை.
முதலில் ஒரு நாள் டீ மட்டும் மேலே போட்டாள் சின்னவள்.
பிறகு யாருக்கு உப்பு அதிகம் என்று ஒரு பேச்சு.
மூன்றாம் மாதம்
என் வாக்கியம் அந்த வீட்டில் உண்மையாகிவிட்டது.

இப்போது அமலோற்பவத்துக்குத்
திங்கள் புதன் வெள்ளி கீழே,
செவ்வாய் வியாழன் சனி மேலே.
ஞாயிறு யாருடையது என்று இன்னும் முடிவாகவில்லை.
அன்று மாதா கோவில் பூசை முடிந்து
நேரே வீட்டுக்கு வராமல்
கடற்கரைச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

“அடுப்ப வச்சி குடும்பத்த எண்ணணும்னு
எவன்க்கா எய்தினான்?”
குழாயடியில் ஜெயசீலி கேட்டாள்.
“மேல இருந்து வந்திருக்கும்” என்றேன்.
“மேல இருக்கறவன் வூட்ல சோறு பொங்க மாட்டானா?”
என் குடம் நிரம்பி வழிந்தது.
அவள்தான் நகர்த்தி வைத்தாள்.
நெத்திலிக் குழம்பு கொஞ்சம் கொடுத்தனுப்புகிறேன் என்றாள்.

இன்று காலை புதுக் கோப்பு.
உதவித்தொகை. வரைவு என் பெயருக்கு.
முதல் பத்தி இப்படி நிற்கிறது:
‘ஆதரவற்ற முதியவர் என்பவர்’
அதற்கப்புறம் வெள்ளைத் தாள்.

பேனாவைத் திறந்தேன்.
வெள்ளிக்கிழமை.
கீழே சாப்பிடும் நாள்.