நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

அடிவாரத்து ஊருக்குப் பெயர் பிர்கத் அல் மௌஸ்.
தமிழில் சொன்னால் வாழைக்குளம்.
அதைத் தாண்டினால் போலீஸ் சாவடி.
சாவடிக்கு மேலே ஜபல் அக்தர்,
அதற்கும் மேலே நான்.

நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிக்குத்தான்
இந்த மலை வழிவிடும்.
என் வீட்டுக்காரரிடம் இருப்பதோ
பதினோரு வயதுக் கொரோலா.
ஸுஹாரிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டிவந்து
சாவடி ஓரம் நிறுத்தி
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.
பெயர் தேவசித்தம்.
போலீஸ்காரர் சித்தம் வேறு.

இரண்டு வருஷமாக எங்கள் குடும்பம்
அந்தச் சாவடி நிழலில் நடக்கிறது,
மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை.
இறங்குகிற வண்டியில் இடம் கேட்டு நான் வருவேன்.
பானெட்டின் மேல் கருவாட்டுக் குழம்பு.
சாயர்புரத்து விடுதியில் மகளுக்குக் கட்டவேண்டிய பணம்.
சண்டையும் அங்கேயேதான்,
சத்தம் போடாமல்,
காவலருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்.

ரூவியிலிருந்து பெரிய வண்டி வாடகைக்கு எடுத்து
நம்மவர்கள் மலை பார்க்க வருவார்கள்.
எங்கள் சுகாதார நிலையத்துக்குள் நுழைய
அவர்களுக்கு இரண்டே காரணம்:
கழிப்பறை, இல்லையென்றால் வாந்தி.
"குடுத்துவச்சவங்க சிஸ்டர் நீங்க" என்பார்கள்
வாய் கொப்பளித்தபடி.
ஏப்ரலில் ரோஜா எங்கே ரோஜா எங்கே என்று கேட்பார்கள்.
விடிவதற்குள் பறித்தாகிவிட்டது என்று
நானும் எத்தனை பேருக்குச் சொல்வது.
ஒன்பது மணிக்குச் செடியில் இருப்பது
இலை, முள், அப்புறம் அவர்கள் செல்ஃபி.

ஜனவரியில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து
ஊசி போடும் கையை இஸ்திரிப் பெட்டிமேல் காட்டிச் சூடாக்குவேன்
என்று சொன்னால் சிரிப்பார்கள். சொல்வதில்லை.
ஷம்ஸாவுக்கு எட்டு மாதம்,
பிரஷர் பார்க்க
படிப்படியான வயல்களில் இறங்குவேன்,
மாதுளைக் கிளை தலையில் இடிக்க,
ஃபலஜ் வாய்க்காலில் செருப்பு நனைய.
திரும்ப ஏறிவந்ததும் என் பிரஷரை
யார் பார்ப்பது?

ஒரு வியாழக்கிழமை ராத்திரி
தீவனம் ஏற்றிய பிக்கப்பில்
மூட்டையோடு மூட்டையாக வந்து இறங்கினார் தேவசித்தம்.
இருட்டு. ஒன்றும் தெரியவில்லை.
"காலைல காட்றேன்" என்றேன்.
எந்தப் பாறையில் நின்றால்
முழுப் பள்ளத்தாக்கும் விரியும் என்று
மனசுக்குள் நூறு தடவை கூட்டிப்போயிருந்த இடம்.

மூன்றரைக்குப் போன் வந்தது.
நிஸ்வாவுக்கு அனுப்ப நேரமில்லை.
பெண்குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு.
ஷம்ஸா என் மணிக்கட்டில் விட்ட நகக்குறியோடு
எட்டு மணிக்கு அறைக்கு வந்தால்
கட்டில் காலி.

ரோஜாத் தோட்டத்தில் இருந்தார்.
பேத்தி பிறந்த சந்தோஷத்தில் அந்த வீட்டார்
வாசலில் முழித்து நின்ற மனிதரை
கையோடு இழுத்துப்போயிருக்கிறார்கள்.
இடுப்பில் மடித்துக் கட்டிய துணி நிறையப் பூ,
விரலெல்லாம் முள் கீறல்.
ரசித்தீங்களா என்றேன்.
"வாசனை தலைய வலிக்குது" என்றார்.

பாறைக்குக் கூட்டிப்போனேன்.
கீழே மடிப்பு மடிப்பாகப் பச்சை,
அதற்கும் கீழே காய்ந்த ஓடை,
வெயில் ஏறாத பக்கத்தில் நீலம்.
நான் பேசாமல் நின்றேன்.
அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
வெகுநேரம் பார்த்தார்.
பிறகு கேட்டார்,
"சாவடி எந்தப் பக்கம்?
வண்டி தெரியுமா இங்கேருந்து?"

தெரியாது.
வந்த முதல் வாரமே
பார்த்துவிட்டேன்.