ஏழாவது ஸ்கிரீன்

ஒசாகாவிலிருந்து வந்த துணியில்
பனி சுமந்த பூக்கிளை, கீழே ஒரு ஜோடி வாத்து.
ஆறு நிறத்துக்குள் முடிக்கச் சொன்னார் மயிலானந்தன்.
ஏழானால் பீஸுக்கு ஒன்றேகால் ரூபாய் கையைக் கடிக்கும்.

ராயபுரம் மாடியறையில்
இறகு இறகாக நிறம் பிரித்தேன்.
ஜப்பான் இறகென்றுதான் நினைத்திருந்தேன்.
ஆர்டரோடு வந்த குறிப்பு வேறு சொன்னது:
முன்னூறு வருஷம் முன்பு கப்பலேறி வந்த
சீனத்து ஓவியன் ஒருவனின் கைப்பழக்கமாம்.
துறைமுகத்தில் இரண்டு வருஷம்கூட இல்லை,
திரும்பிவிட்டான்.
அவன் மயிர்க்கோட்டைப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள்.
அவனைப் பார்க்காதவர்களும் போட்டார்கள்.

நான் பார்த்திருந்தது
நஞ்சராயன் குளம் ஒன்றுதான்.
கை தப்பிற்றா, தெரியாது,
வாத்தின் கண்ணில்
நாமக்கோழியின் சிவப்பு உட்கார்ந்துகொண்டது.

"யாரு கேட்டா இந்தச் செகப்ப?"
அதற்குள் சாம்பிள் விமானம் ஏறியிருந்தது.
நாலு பேர் முன்னால் திட்டு வாங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் பதில்:
கண் அப்படியே இருக்கட்டும்.
அடுத்த மூன்று டிசைனிலும்,
கொக்கோ குருவியோ,
இதே கண் வேண்டும்.

மயிலானந்தன் இப்போது
ஒன்றேகால் ரூபாயை வேறுவிதமாகக் கணக்குப் போடுகிறார்.

ஆடி முடிந்ததும் நான்
பெருந்துறைக்கு, வேறு கம்பெனிக்கு.
இங்கே இருந்தது இருபது மாதம்.

புதிதாகச் சேர்ந்த பூரணி
என் வாத்தைத் திரை நிறைய விரித்து
கண்ணை மட்டும் காப்பி எடுக்கிறாள்.

நாமக்கோழியா,
அது எப்படி இருக்கும் என்கிறாள்.