நீல வயர்

கூடுதாழைக் கரையில் வள்ளம் ஏறிக் கிடக்கிறது.
கச்சான் காற்று. மூன்று நாளாகத் தொழில் இல்லை.
ஜிபிஎஸ்ஸின் முதுகில் ஐந்து வயர்,
ரேடியோவின் முதுகில் நான்கு.
மீன் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல்
தங்கை ஏஞ்சலின் பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப்.
'ம' அடித்தால் இரண்டாக விழும்.

பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தது
கல்யாணப் பத்திரிகையில் ஒரு வரியாக வந்ததோடு சரி.
இன்று பல்லால் வயர் சீவுகிறேன்.

முதலில் தப்பாகத்தான் கட்டினேன்,
இதன் வாயை அதன் வாயோடு.
எல்லாம் பேசின, எதுவும் கேட்கவில்லை,
எங்கள் தெரு அன்பியக் கூட்டம் போல.
ரேடியோ விட்டுவிட்டுக் கீச்சிட்டது:
இடம் தெரியவில்லை, இடம் தெரியவில்லை.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்துப் படத்தை
வெயிலில் தூக்கிப் பிடித்தேன்.
நீலம் பேசும். மஞ்சள் கேட்கும்.
கறுப்பு பொது, அது இல்லாமல் பேச்சே இல்லை.
பேச ஒருவர்தான்,
கேட்க எத்தனை பேரும் நிற்கலாம் என்றிருந்தது.
நீலத்தைப் பிரித்து
ஒரு கிளை ரேடியோவுக்கு, ஒன்று லேப்டாப்புக்கு.
காம் ஏழு. வேகம் நாலாயிரத்து எண்ணூறு.

திரையில் வரிகள் ஓடத் தொடங்கின,
ஒவ்வொன்றின் தலையிலும் டாலர் குறி.
எங்கள் கடன் மட்டும் ரூபாயில்.
எட்டு பாகை பதினெட்டு, வடக்கு.
எழுபத்தேழு பாகை ஐம்பத்தைந்து, கிழக்கு.
மணல்மேல் அசையாமல் கிடந்த வள்ளம்
கடைசி இலக்கத்தில் கொஞ்சம் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
பழைய தடங்களையும் இறக்கவா என்று கேட்டது.
சரி என்றேன்.

போன கோடுகள், வந்த கோடுகள்.
ரெக்சன் யாருக்கும் காட்டாத பார்களுக்கு
சோறு, பெரிய சோறு என்று பேர் வைத்திருக்கிறான்.
நடுவில் ஒன்று மட்டும் கோடாக இல்லை,
கை நழுவிய நூலாகக் கிடந்தது.
தவக்காலத்து மூன்றாம் வெள்ளி,
இரவு பதினொன்று நாற்பதிலிருந்து விடியும் வரை.
ஒரு நாட், ஒன்றரை நாட்:
இன்ஜின் வேகம் இல்லை, நீவாடு இழுத்த வேகம்.
கப்பல் போகும் பாதையைக் குறுக்கே கடந்திருக்கிறது.
விளக்கு எரிந்ததோ என்னவோ.
பிறகு ஒரு நேர்கோடு, நாலு நாட்டில்.
யாரோ கயிறு போட்டு இழுத்து வந்திருக்கிறார்கள்.

'மீன் பட்டுச்சு, அதான் சுணங்கிட்டு' என்றான் அன்று.
நான் தோசை சுட்டேன்.
பங்கிராஸ் வள்ளமும் அன்று சுணங்கித்தான் வந்தது.
ஏலக் கணக்குச் சண்டைக்குப் பின்
அவனோடு எங்களுக்குப் பேச்சில்லை.

ரேடியோவின் ஓரத்தில் சிவப்புப் பொத்தான், அதற்கொரு மூடி.
இதுநாள் வரை அமுக்கியிருந்தால்
இடமில்லாத கூப்பாடுதான் போயிருக்கும்.
ஈயம் வைத்து, டேப் சுற்றி,
மூடிமேல் பிளாஸ்திரி ஒட்டி எழுதினேன்:
ஐந்து விநாடி அமுக்கு. வெக்கப்படாதே.

ரெக்சன் டீ வாங்கி வந்தான்.
பிளாஸ்திரியைப் படித்தான்.
திரையில் அந்த நூல் அப்படியே கிடந்தது.
'சார்ஜ் போயிரும்லா' என்று
லேப்டாப்பை மூடினான்.

சாயந்தரம் பங்கிராஸ் வீட்டுக்கு
ஒரு தூக்குவாளி நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பினேன்.
எதற்கு என்று ரெக்சன் கேட்கவில்லை.
வாளி திரும்பி வந்தபோது உள்ளே
நாலு நுங்கு.