நான்காவது வருடல்

தொடுவது என் தொழில்.
நோவி சாத் நகர மருத்துவமனையின் இரண்டாம் மாடியில்
விறைத்த தோள்களையும் மடங்க மறுக்கும் முழங்கால்களையும்
பதினெட்டு வருடமாகப் பிசைந்து வருகிறேன்.
எந்தத் தசை பொய் சொல்கிறதென்று
சட்டைக்கு மேலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

வீட்டில் ஒரு பூனையிடம் தோற்கிறேன்.

பீபர் அதன் பெயர். எங்கள் மொழியில் மிளகு.
கறுப்பு, சிறியது, காரம் பிறகுதான் தெரியும்.
தானே வந்து மடியில் ஏறும்.
முதல் வருடலுக்குக் கண் மூடும்.
இரண்டாவதற்குத் தொண்டைக்குள் இயந்திரம் ஓடும்.
மூன்று...
நான்காவதில் என் மணிக்கட்டு அதன் வாயில்.

"நன்றி கெட்டது" என்றாள் கீழ்வீட்டு ஸ்லாவிட்ஸா,
அயோடின் புட்டியை நீட்டியபடி.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, துரோகம் என்றுகூட.

செவ்வாயன்று கோய்கோ வந்தார்.
டான்யூபில் மணல் படகு ஓட்டியவர்,
இடது தோள் உறைந்துபோய்.
கையை உயர்த்தினேன், இன்னும் கொஞ்சம், இன்னும்...
வலது கையால் பட்டென்று என்னைத் தட்டிவிட்டார்.
பிறகு காது சிவக்கச் சொன்னார்:
"மூன்று முறை மூச்சைப் பிடித்தேனே.
நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்."

அன்றிரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தடவினேன்.
வால்நுனி முதலில்,
பொறுமையிழந்தவர் விரலால் மேசையைத் தட்டுவதுபோல.
பிறகு முதுகுத்தோலில் ஒரு நெளிவு ஓடி மறையும்.
காதுகள் பின்னால் திரும்பும், அரை அங்குலம்கூட இல்லை.
கண்ணின் கறுப்பு பெருகி மஞ்சளை விழுங்கும்.
இத்தனையும் சொல்லி முடித்த பிறகுதான் பல்.
நான் இதுவரை கேட்டது கடைசிச் சொல்லை மட்டும்.

விளையாட்டுக் கடி வேறு கதை.
அதில் குற்றவாளி நான்.
தாயில்லாமல், கூடப்பிறந்தவை இல்லாமல்
செருப்புப் பெட்டியில் வந்த ஐந்து வாரக் குட்டிக்குப்
போர்வைக்கடியில் விரலை ஓடவிட்டு எலி காட்டினேன்.
அப்போது பல் அரிசிமுனை. சிரித்தேன்.
எவ்வளவு அழுத்தினால் வலிக்குமென்று
திருப்பிக் கடித்துச் சொல்ல அதற்கு யாருமில்லை.
இன்று போர்வை அசைந்தால்
என் கால்விரலும் எலிதான்.

இப்போது ஒரு குச்சி, நூல், நுனியில் வாத்து இறகு.
எலி அங்கே ஓடுகிறது.
மல்லாந்து வயிற்றைக் காட்டினாலும் கை நீட்டுவதில்லை.
கதவு திறந்திருக்கிறது என்பதற்காக
யார் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட முடியுமா?
பல் பதிந்தால் இழுப்பதில்லை, இழுத்தால் இரையாகிவிடுவேன்.
கல்லாகிவிடுகிறேன்.
கல்லைக் கடித்து என்ன செய்யும், விட்டுவிடும்.

நேற்று மூன்றோடு நிறுத்தினேன்.
திரும்பிப் பார்த்தது.
தலையால் என் உள்ளங்கையை முட்டியது.
சரி என்று நான்காவது.

கடித்தது.
மெதுவாக, தோல் கிழியாமல்.
அயோடின் அடுத்த அறையில் இருந்தது. எழுந்து போகவில்லை.
அதன் தாடை என் நாடியின் மேல்
கொஞ்ச நேரம் எண்ணிக்கொண்டிருந்தது.